ஓட்டத்தை எழுதியவரின் படுக்கை

அமெரிக்க எழுத்தாளர் லாரா ஹில்லன்பிராண்ட் இரண்டே நூல்களால் உலகப் புகழ் பெற்றவர். 2001இல் வெளிவந்த 'சீபிஸ்கட்' ஒரு பந்தயக் குதிரையின் வரலாறு. 2010இல் வெளிவந்த 'அன்புரோக்கன்' லூயி சாம்பரினியின் வரலாறு. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஓடியவர் அவர், பின்னர் பசிபிக் கடலில் 47 நாள் தெப்பத்தில் மிதந்து ஜப்பானியச் சிறைமுகாம்களில் வதைபட்டவர். இவற்றைத் திரைப்படமாகவேனும் நம் வாசகருட் சிலர் கண்டிருப்பர். நாம் இங்கு எடுத்துக்கொள்வதோ, 'திடீர் நோய்' என்று பொருள்படும் தலைப்பில் 2003இல் 'தி நியூயார்க்கர்' இதழில் அவர் எழுதிய தன்வரலாற்றுக் கட்டுரையை. நூல்களோடு ஒப்பிட அது சிறியது. எனினும் நம் கணிப்பில் அவற்றினும் உண்மையானது.

1987இல், 19 வயதுக் கல்லூரி மாணவியாயிருந்தபோது, உணவு ஒவ்வாததுபோல் தொடங்கிய நோய் அவரைப் பல்லாண்டுகள் வீட்டுக்குள் அடைத்துப்போட்டது. மருத்துவர் பலர் மனத்தையே காரணம் காட்டினர். இறுதியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் தொற்றுநோய் வல்லுநர் ஒருவர், இது மெய்யான நோயே, ஆனால் தம்மால் குணமாக்க இயலாது என்றார். கட்டுரையின் உச்சம் இவ்விடமே. குணமில்லை என்ற தீர்ப்பு ஒருவருக்கு ஆறுதலாக அமைவது விந்தையன்றோ! யோபுவின் நண்பர்களை அறிந்தோர்க்கு இது விளங்கும். துன்புறுபவனிடம் அவன் துன்பத்துக்கு அவனே காரணமென்று நிறுவ முயன்றவர்கள் அவர்கள். அவர்கள் வாய்திறவாது அமர்ந்திருந்த ஏழு நாட்களே மேலானவை.

இந்நோய்க்கு அமெரிக்காவில் 1988இல் சூட்டப்பட்ட பெயர் 'நாட்பட்ட களைப்பு நோய்த்தொகுதி'. இதனினும் பொருந்தாத பெயர் கிடைத்தற்கரிது. நாள் முழுதும் நாற்று நட்டவளும் களைத்தேன் என்கிறாள். உறங்கி எழுந்தால் அக்களைப்பு நீங்கிவிடுகிறது. இந்நோயிலோ உறக்கம் களைப்பைத் தீர்ப்பதில்லை. சிறு உழைப்பும், ஏன், நீண்டதோர் உரையாடலும்கூட, சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து உடலை முற்றிலும் வீழ்த்திவிடக்கூடும். 2015இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை இதனையே நோயின் முதன்மை அடையாளங்களுள் ஒன்றாக வைத்தது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை அளிக்கலாகாது என்று பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2021இல் அறிவித்ததும் இதனாலேயே. இன்று நோயாளிக்குக் கற்பிக்கப்படுவது, உள்ள வலிமையை அளந்து செலவிடும் கலை: வீழும் முன்னரே நிறுத்திக்கொள்ளுதல்.

இங்கேதான் நம் கருத்து வேறுபாடு தொடங்குகிறது. ஹில்லன்பிராண்டைப் புகழ்வோர், மனவுறுதியால் நோயை வென்றவர் என்கின்றனர். கட்டுரையோ அவ்வாறு கூறவில்லை. மேசையருகே அமர இயலாதபோது படுக்கையிலும், தலைசுற்றலால் தாளைப் பார்க்க இயலாதபோது கண்களை மூடிக்கொண்டும் எழுதினார். சாம்பரினியைச் சென்று காண இயலாமையால் ஆண்டுக்கணக்காகத் தொலைபேசியிலேயே பேசி அவர் வாழ்வைத் திரட்டினார். இவை நோயோடு பேரம்பேசிப் பெற்ற சிறு சலுகைகள். இவற்றை வெற்றி என்போர், அடுத்த படுக்கையில் எழுதவும் இயலாது கிடப்பவளை மனவுறுதியற்றவள் ஆக்கிவிடுகின்றனர்.

இப்பிழைக்கு ஆசிரியரின் நூல்களும் ஓரளவு துணைபோகின்றன என்பதை மறைப்பதற்கில்லை. 'முறியாதவர்' எனப் பொருள்படும் தலைப்பே அதற்குச் சான்று. தம் உடலில் முறிவை அறிந்தவர், முறியாத மனிதனையே மீண்டும் மீண்டும் தேடுகிறார். சாம்பரினி போருக்குப்பின் குடியில் வீழ்ந்து, 1949இல் மனந்திரும்பி, தம்மை வதைத்தோரை மன்னித்த பகுதி நூலின் இறுதியில் விரைந்து முடிந்துவிடுகிறது. நமக்கோ அதுவே நூலின் கரு. சிறைமுகாமில் காட்டிய வீரத்துக்கு அத்தனை பக்கங்கள் ஒதுக்கியவர், வீரம் செல்லாத அவ்வாண்டுகளுக்கும் சில பக்கங்கள் கூட்டியிருக்கலாம்.

தலையான பாவங்கள் ஏழினுள் சோம்பலை ஒன்றாகக் கற்று வளர்ந்த நமக்கு இக்கட்டுரை இன்னொரு வகையிலும் வேண்டியது. புனித தோமா அக்குவினா அப்பாவத்தை உடலின் தளர்ச்சியாகக் கருதவில்லை. இறைநன்மையைக் குறித்தே உள்ளம் கொள்ளும் துயரம் என்றார். ஞாயிறு திருப்பலிக்கு வரவியலா நோயாளியைத் திருச்சபைச் சட்டமே விடுவிக்கிறது. கோவில் வாசலில் நின்று பேசுவோர்தாம் விடுவிப்பதில்லை. "முகத்தைப் பார்த்தால் நன்றாய்த்தானே இருக்கிறாள்" என்ற சொல் எந்தப் பங்கில் கேட்காதது?

இதனைத் தமிழாக்க முன்வருவோர்க்கு ஒரு வேண்டுகோள். 'களைப்பு', 'சோர்வு', 'அசதி' மூன்றுமே இங்கு உதவா; அவற்றில் ஓய்வினால் தீரும் என்ற நம்பிக்கை ஒட்டியுள்ளது. 'ஓய்ந்துபோதல்' என்று நாட்டுப்புறத்தார் நீண்ட காய்ச்சலுக்குப்பின் கைகால்களைப் பற்றிச் சொல்வதுண்டு. அதனை எடுத்தாண்டு பார்க்கலாம்.