பிரம்புக் கூண்டும் சேடில் சிகரமும்

பிரிட்டனில் 1973-இல் வெளிவந்த ‘தி விக்கர் மேன்’, வந்த சுவடு தெரியாமல் போயிருக்க வேண்டிய படம். வெளியிட்டவர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. காட்சிகளை வெட்டிச் சுருக்கி, ‘டோன்ட் லுக் நவ்’ படத்தோடு துணைப்படமாக ஓட்டினார்கள். இன்று நாட்டார் திகில் படங்களைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 2019-இல் வந்த ‘மிட்சொமார்’ இதன் நேர் வாரிசு.

காணாமல் போன ஒரு சிறுமியைத் தேடி, சம்மரைல் என்ற ஸ்காட்லாந்துத் தீவில் கடல்விமானத்தில் வந்து இறங்குகிறார் சார்ஜென்ட் ஹோவி. பழுத்த கிறித்தவர். தீவிலோ தேவாலயம் பாழடைந்து கிடக்கிறது. ஜனங்கள் சூரியனையும் விளைநிலத்தையும் கும்பிடுகிறார்கள். முந்தின வருஷம் ஆப்பிள் விளைச்சல் பொய்த்துவிட்டது. கடைசியில் பிரம்பால் பின்னிய பிரம்மாண்டமான மனித உருவத்துக்குள் ஹோவியை அடைத்து, பாட்டுப் பாடிக்கொண்டே கொளுத்துகிறார்கள்.

இதில் பேய் இல்லை, இருட்டு இல்லை. பயங்கரம் முழுக்கப் பட்டப்பகலில், சிரித்த முகங்களோடு நடக்கிறது. பள்ளிக்கூடக் காட்சி ஒன்று போதும். சிறுமியின் மேசையைத் திறக்கிறார் ஹோவி. உள்ளே ஒரு ஆணி, ஆணியில் நூல், நூலின் மறுமுனையில் ஒரு வண்டு. வண்டு ஒரே திசையில் சுற்றச் சுற்ற நூல் குறுகி, அது ஆணியோடு ஒட்டிக்கொள்ளும் என்று பக்கத்து மேசைப் பிள்ளை விளக்குகிறது. தானே அந்த வண்டு என்று ஹோவிக்கு விளங்கவில்லை. நமக்கும் முதல் முறை பார்க்கும்போது விளங்காது. ராபின் ஹார்டியின் இயக்கத்தையும் ஆண்டனி ஷாஃபரின் திரைக்கதையையும் நான் மெச்சுவது இந்த இடத்தில்தான்.

ஆனால் படத்தின் உண்மையான பலத்தை ரசிகர்கள் பலர் கவனிப்பதே இல்லை. சடங்குகளின் அழகில் மயங்கி, அது ஆதிகாலத்திலிருந்து அறுபடாமல் வந்த மரபு என்று நினைத்துக்கொள்கிறார்கள். தீவின் உடைமையாளரான சம்மரைல் பிரபு (கிறிஸ்டோபர் லீ, சம்பளம் வாங்காமல் நடித்த வேடம்) தன் வாயாலேயே வேறு கதை சொல்கிறார். 1868-இல் தீவுக்கு வந்த அவருடைய தாத்தா விவசாய ஆராய்ச்சியாளர். புதுரகப் பழமரங்களை நட்டார். ஜனங்களை உற்சாகமாக வேலை வாங்கப் பழைய தெய்வங்களைத் திருப்பிக் கொடுத்தார். ஆக, இது முதலாளி இறக்குமதி செய்த மதம். அடுத்த வருஷமும் விளைச்சல் பொய்த்தால் இவர்கள் உன்னைத்தான் கொளுத்துவார்கள் என்று சாகும் முன் ஹோவி பிரபுவிடம் சொல்வதில் முழுப்படத்தின் கூர்மையும் இருக்கிறது. நிலம் யாருடையது, பலி கொடுப்பது யார் தீர்மானம் என்பதுதான் கேள்வி.

குறையும் ஆழமானது. படத்தின் மைய உருவத்துக்கு ஆதாரம் ஜூலியஸ் சீசரின் குறிப்பு. கால் (Gaul) நாட்டோடு போர் நடத்தியவர், அந்நாட்டார் ஆட்களைப் பிரம்பு உருவங்களில் அடைத்து எரிப்பதாக எழுதிவைத்தார். படையெடுத்தவன் எதிரியைப் பற்றி எழுதியதை அப்படியே நம்பலாமா? இந்தக் கேள்வி அந்தமானில் இருப்பவர்களுக்குச் சட்டென்று எழும். இந்தத் தீவுகளில் நாய்த்தலை கொண்ட நரமாமிசப் பட்சிணிகள் இருப்பதாக மார்கோ போலோ எழுதினார். பொய் பல நூற்றாண்டு உயிரோடு இருந்தது.

இந்தத் தீவுக்காரர்கள் தாங்களே சொன்ன கதை வேறு. வட அந்தமானில் திக்லிபூருக்குப் பக்கத்தில் 732 மீட்டர் உயரத்தில் நிற்கும் சேடில் சிகரம் இன்று மலையேறுபவர்களுக்கான இடம். அந்தமான் பழங்குடியினர் சொன்ன பிரளயக் கதையை ஆங்கிலேய அதிகாரி ஈ. எச். மேன் 19-ஆம் நூற்றாண்டில் பதிவு செய்தார். எல்லாம் மூழ்கியபோது மூழ்காமல் நின்றது படைப்புத் தெய்வம் குடியிருந்த இந்தச் சிகரமாம். 1906-08-இல் இங்கே ஆய்வு செய்த மானுடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன், வட அந்தமானில் அந்தத் தெய்வத்தின் பெயர் பிலிக்கு என்கிறார். தேன்மெழுகை உருக்கினாலோ, சில்வண்டு பாடும் அந்திவேளையில் சத்தம் போட்டாலோ பிலிக்குவுக்குக் கோபம் வரும், புயல் வரும். சம்மரைலில் நடப்பதுபோல் இதில் நரபலி இல்லை. காட்டில் எப்போது அடங்கி இருக்க வேண்டும் என்ற ஒழுங்குதான் இருக்கிறது.

அந்த ஜனங்கள் என்ன ஆனார்கள்? 1858-இல் ஆங்கிலேயர் கைதிகள் குடியிருப்பை நிறுவியபோது சில ஆயிரம் பேராக இருந்த பெரிய அந்தமானியர், நோய்களால் மடிந்து 1961 மக்கள்தொகைக் கணக்கில் 19 பேர் ஆனார்கள். போ மொழியைக் கடைசியாகப் பேசிய போவா சீனியர் 2010-இல் இறந்தார். 1950-களில் கிழக்குப் பாகிஸ்தான் அகதிகள் மனசா தேவியோடு திக்லிபூரில் வந்து இறங்கினார்கள். ராஞ்சிக்காரர்களும் தெலுங்கரும் தமிழரும் அவரவர் சாமிகளோடு வந்தார்கள். பிலிக்குவுக்கு அஞ்சி அந்தியில் அடங்கியிருக்க இங்கே ஆள் இல்லை.

2018-இல் மதம் பரப்ப அந்தமானின் வடசென்டினல் தீவுக்குப் போன அமெரிக்க இளைஞர் ஜான் ஆலன் சாவ் கொல்லப்பட்டபோது, உலகப் பத்திரிகைகள் பல அதை ஹோவியின் கதைபோலவே சொல்லின. 1880-இல் அதே தீவிலிருந்து போர்ட்மேன் என்ற அதிகாரி ஆறு பேரைப் போர்ட் பிளேருக்குப் பிடித்து வந்ததும், வயதான இருவர் நோய் கண்டு இறந்ததும், குழந்தைகளை மட்டும் திருப்பி விட்டதும் அவ்வளவு தூரம் பேசப்படவில்லை. வந்தவன் சாவதை மட்டும் திகில் என்று சொல்லப் பழக்கியதில் இந்தப் படவகைக்குப் பெரும் பங்கு உண்டு. இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

சுடலைமாடன் கொடையும் மயானக் கொள்ளையும் பார்த்து வளர்ந்த நமக்குச் சாமியாட்டம் பயமூட்டும் விநோதம் அல்ல. அதனால்தான் ரிஷப் ஷெட்டியின் ‘காந்தாரா’ (2022) நம்மிடம் எளிதாக ஒட்டியது. துளுநாட்டு பூதகோலத்தில் தெய்வம் ஜனங்களின் வழக்கைக் கேட்கும்; அங்கே நிலத்தைப் பிடுங்க வருபவர் பண்ணையார், காவல் நிற்பது தெய்வம். சம்மரைலை அப்படியே தலைகீழாக்கிய கதை. ஆனால் பஞ்சுருளி என்ற அந்தத் தெய்வத்தின் வேடம் கட்டும் பம்பதா, பரவா, நலிகே சமூகத்தார் வாழ்க்கையில் அனுபவிக்கும் சாதிக்கொடுமையைப் படம் மேலோட்டமாகத் தொட்டு, நாயகனின் ஆவேசத்துக்குள் கரைத்துவிடுகிறது. வனத்துறை அதிகாரியின் கையையும் ஊராரின் கையையும் தெய்வமே சேர்த்து வைப்பதோடு நில வழக்கும் முடிந்துபோகிறது. பட்டா யார் பெயரில் என்பதை ‘விக்கர் மேன்’ ஒற்றை வசனத்திலாவது சொன்னது. அந்த விஷயத்தில் ‘காந்தாரா’வை விட அதுதான் துணிச்சலான படம்.