காது முத்திரைக்கு அப்பால்

ஜாஸ் பற்றிப் பேச்செடுத்தால் பத்தே நிமிடத்தில் நம்மை 1959-இல் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, டேவ் ப்ரூபெக்கின் ‘டைம் அவுட்’, சார்லஸ் மிங்கஸின் ‘மிங்கஸ் ஆ அம்’, ஆர்னெட் கோல்மனின் ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’: நான்கும் ஒரே வருடத்து இசைத்தட்டுகள். இந்த ஒரு வருடத்துக்காகவே பிபிசி 2009-இல் ஓர் ஆவணப்படம் எடுத்தது. போதாததற்கு லெஸ்டர் யங்கும் பில்லி ஹாலிடேயும் அதே ஆண்டில் இறந்துபோனார்கள். இரங்கல் எழுத வாகான ஆண்டு. நான்கு தட்டுகளின் மேலும் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. அவற்றைப் புகழ்ந்து முடித்த கையோடு, ‘அதற்கப்புறம் என்ன இருக்கிறது?’ என்று உதட்டைப் பிதுக்குகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

தொடக்க காலத்தை விரைந்து கடந்துவிடலாம். வாசகர்கள் அறிந்த கதை. ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம். இந்த இசையின் வரலாறு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இசைத்தட்டின் வரலாறு. நியூ ஆர்லியன்ஸே கொண்டாடிய பட்டி போல்டனின் கார்னெட்டை நம்மில் ஒருவரும் கேட்டதில்லை; தட்டு இல்லை. 1917 பிப்ரவரியில் விக்டர் கம்பெனி வெளியிடுவதற்காக முதல் ஜாஸ் தட்டைப் பதிந்தவர்கள் ஐந்து வெள்ளைக்கார இளைஞர்கள். இசையை உண்டாக்கியவர் பெயரைத் தட்டு சொல்லாது. பதிவுக்குழல் யார் முகத்துக்கு நேரே முதலில் நீட்டப்பட்டது என்பதைத்தான் சொல்லும். 1923-இல் கிங் ஆலிவரும் இளம் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் இந்தியானா மாநிலம் ரிச்மண்டில் பதிந்த ஜென்னட் கூடத்தை ஒட்டி ரயில் பாதை ஓடியது. வண்டி போகும்வரை வாசிப்பை நிறுத்திக் காத்திருப்பார்கள். பிறகு ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ், எலிங்டன், பேஸி எல்லாமே மூன்று நிமிடத் தட்டுக்குள் அடங்கிய மகத்துவம்.

இந்தத் தட்டுகளைக் கட்டிக் காத்தவர்கள் சேகரிப்பாளர்கள். அவர்களைத் திட்டுவதற்கு முன் அவர்களுக்குப் பட்ட கடனையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தட்டில் யார் யார் வாசித்தார்கள் என்பது அதை விற்ற கம்பெனிக்கே பல சமயம் தெரியாது. கிளாரினெட் யாருடையது, பியானோவில் யார் என்று காதை வைத்தே கண்டுபிடித்து எழுதிவைத்தவர்கள் ரசிகர்கள். ஓவியத் தம்பதி ராபர்ட், சோனியா டெலோனேயின் மகன் சார்ல்ஸ் டெலோனே 1936-இல் பாரிஸில் வெளியிட்ட ‘ஹாட் டிஸ்கோகிராஃபி’ அப்படி வந்ததுதான். நியூயார்க்கில் மில்ட் கேப்ளர் கமோடோர் என்று ஒரு தட்டுக்கடை வைத்திருந்தார். ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாடலைப் பதிய பில்லி ஹாலிடேயின் பெரிய கம்பெனி மறுத்தபோது, 1939-இல் பதிந்து வெளியிட்டது இந்தக் கடைக்காரர்தான். பெர்லினிலிருந்து ஓடிவந்த ஆல்ஃபிரட் லயன் அதே ஆண்டு ப்ளூ நோட் கம்பெனியைத் தொடங்கினார். அவரும் அடிப்படையில் ஒரு ரசிகர்.

ஆனால் சேகரிப்பு மனத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதற்கு டீன் பெனடெட்டியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1942 ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் பதிவு நிறுத்தம் செய்தது. இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்த அந்தச் சண்டையில் பெபாப்பின் பால்யம் ஏறக்குறைய தட்டில் ஏறாமலே போயிற்று. அந்தப் பதற்றமோ என்னவோ, 1947-48இல் பெனடெட்டி பதிவு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு சார்லி பார்க்கர் போன இடமெல்லாம் போனார். பார்க்கர் வாசிக்க ஆரம்பித்ததும் இயந்திரம் ஓடும். அவர் நிறுத்தி டிரம்பெட்காரர் எடுத்ததும் அணைத்துவிடுவார். 1990-இல் மொசைக் நிறுவனம் இவற்றைப் பெட்டியாகக் கொண்டுவந்தது. கேட்டுப் பாருங்கள். மேதை தனியே வானத்திலிருந்து பேசுகிறார்; யாருக்குப் பதில் சொல்கிறார் என்பது மட்டும் கேட்காது. கோயிலில் மூலவரை மட்டும் பெயர்த்து எடுத்து வந்ததுபோல.

1959 கட்சியினரும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். அவர்கள் இயந்திரத்தை அணைத்த இடம் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

எங்கே அணைத்தார்கள் என்று தேடினால் வேடிக்கையான விடை கிடைக்கிறது. ப்ளூ நோட் தட்டின் மையத்தில், பாட்டு முடிந்து ஊசி சும்மா சுற்றும் வழவழப்பில், சாய்த்து எழுதிய ‘பி’ போல ஒரு சிறு கீறல் இருக்கும். பிளாஸ்டிலைட் என்ற அச்சு ஆலையின் அடையாளம் அது. பார்க்கக் காது மாதிரி இருப்பதால் சேகரிப்பாளர்கள் ‘காது’ என்றே சொல்கிறார்கள். காது இருந்தால் முதல் அச்சு என்று ஆயிரக்கணக்கில் டாலர் கொடுப்பார்கள். ஹாங்க் மோப்ளியின் 1568-ஆம் எண் தட்டுக்கு நடக்கும் ஏலங்கள் பிரசித்தம். ப்ளூ நோட் கம்பெனியை லிபர்ட்டி வாங்கிய பிறகு, 1966-ஐ ஒட்டிக் காது மறைந்துவிட்டது. பொற்காலம் முடிந்ததாக நம்பப்படும் காலமும் கிட்டத்தட்ட அதுவே. ஓர் அச்சகத்தின் ஒப்பந்தம் முடிந்ததை ஒரு கலையின் மரணமாகக் கணக்கெழுதிவிட்டார்கள்.

முதல் அச்சின் புனிதத்துக்கும் ஒரு கதை உண்டு. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் முதல் பக்கத்தைப் பதிந்த அன்று நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடிவிட்டது. அதனால் தட்டில் மூன்று உருப்படிகளும் ஏறின சுருதியில் ஒலித்தன. 1992-இல்தான் திருத்தினார்கள். பெட்டகத்தில் பூட்டிவைக்கும் அசல் தட்டு மைல்ஸ் வாசித்த சுருதியில் இல்லை.

இனி நான் நிதானமாக நிற்க விரும்பும் இடம். 1965-இல் சிகாகோவின் தெற்குப் பகுதியில் மூஹல் ரிச்சர்ட் ஆப்ரம்ஸும் தோழர்களும் ஏ.ஏ.சி.எம். என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். சங்கக் கச்சேரியில் சொந்த உருப்படிதான் வாசிக்க வேண்டும் என்று வைத்தார்கள். இந்த ஒரு விதி இருபது வருட இசையைப் பெற்றுப்போட்டது. அடுத்த ஆண்டே ராஸ்கோ மிட்செலின் ‘சவுண்ட்’ வந்தது. வெளியிட்டது டெல்மார்க், அதை நடத்திய பாப் கோஸ்டரும் ஒரு தட்டுக்கடைக்காரர். அந்தோணி ப்ராக்ஸ்டன் ஒற்றை ஆல்டோ சாக்ஸபோனை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு தட்டு நிறையும் ‘ஃபார் ஆல்டோ’வைப் பதிந்தார். தம்புராகூட இல்லாமல் ஒருவர் இரண்டு தட்டு நேரம் ஆலாபனை செய்வதை எண்ணிப் பாருங்கள்.

இவர்களுக்குப் பெரிய கம்பெனிகள் கதவைத் திறக்கவில்லை. அதனால் 1971-இல் சார்ல்ஸ் டாலிவரும் ஸ்டான்லி கோவெலும் ஸ்ட்ராட்டா-ஈஸ்ட் தொடங்கினார்கள். அங்கே மூலப்பதிவு வாசித்தவருக்கே சொந்தம். நியூயார்க்கின் ஆலைக் கட்டடங்கள் காலியாகிக் கிடந்தபோது இசைக்கலைஞர்கள் அந்த மாடிகளில் குடியேறி அங்கேயே கச்சேரி வைத்தார்கள். பாண்ட் தெருவில் சாம் ரிவர்ஸும் மனைவி பீயும் நடத்திய ஸ்டூடியோ ரிவ்பீயில் 1976 மே மாதம் பதிந்தவை ‘வைல்ட்ஃப்ளவர்ஸ்’ என்று ஐந்து தட்டுகளாக வந்தன. ஐந்தும் அமுதம் என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் ஊதுகிறவருக்கு இருக்கும் உற்சாகம் கேட்கிறவருக்கு வராது. ஆனால் ‘இரைச்சல்காரர்’ என்று ஒதுக்கப்பட்ட டிரம்ஸ்காரர் சன்னி மர்ரே அதில் எடுத்துக்கொண்ட மெட்டு ‘ஓவர் தி ரெயின்போ’. ஹென்றி திரெட்கில்லின் ‘ஏர்’ மூவர் 1979-இல் ஸ்காட் ஜாப்லினையும் ஜெல்லி ரோல் மார்ட்டனையும் எடுத்து ‘ஏர் லோர்’ என்று ஒரு தட்டே போட்டார்கள். இவர்களையா மரபை அறுத்தவர்கள் என்கிறார்கள்?

இந்தக் காலத்தில் நம் பக்கத்து வாசலும் திறந்திருந்தது. ஆலிஸ் கோல்ட்ரேனின் 1971-ஆம் ஆண்டுத் தட்டின் பெயரில் இருக்கும் சச்சிதானந்தர் கோவை செட்டிபாளையத்தில் பிறந்தவர். மிங்கஸிடம் 1963-இல் ஆல்டோ வாசித்த சார்லி மாரியானோ பின்னாளில் நாகஸ்வரம் கற்றுக்கொண்டு அதோடு ஐரோப்பிய மேடைகளில் ஏறினார். 1959-இன் மிங்கஸை மட்டும் கும்பிடுகிறவர்களுக்கு இந்தச் சீவாளியின் ஓசை எட்டவே எட்டாது.

எழுபதுகளின் முடிவில் மாடிகளின் வாடகை ஏறியது, கலைஞர்கள் வெளியேறினார்கள். இத்தாலியின் பிளாக் செயின்ட், ஸ்விட்சர்லாந்தின் ஹேட் ஹட் போன்ற சிறு நிறுவனங்கள் இவர்களைப் பதிந்துகொண்டிருக்க, அமெரிக்காவில் எண்பதுகள் வேறு பக்கம் திரும்பின. வின்டன் மார்சாலிஸ் வந்தார். அவர் டிரம்பெட்டில் குறை சொல்ல நான் யார்? ஆனால் இஸ்திரி போட்ட கோட்டோடு இஸ்திரி போட்ட வரலாறும் சேர்ந்தே வந்தது. அந்த வரலாற்றுக்கு வாதம் எடுத்துக்கொடுத்த விமர்சகர் ஸ்டான்லி கிரவுச், எழுபதுகளில் அதே மாடிகளில் டேவிட் மர்ரேவோடு டிரம்ஸ் வாசித்தவர் என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். 2001-இல் கென் பர்ன்ஸ் எடுத்த பத்துப் பகுதித் தொலைக்காட்சித் தொடரில் இருவருமே முக்கியக் குரல்கள். 1961-க்குப் பிந்தைய நாற்பது வருடங்களுக்கு அங்கே கிடைத்தது கடைசிப் பகுதி மட்டும். விருந்தில் இலையை எடுக்கும் நேரத்தில் வந்து உட்கார்ந்தவன் கதி. புலிட்சர் குழுவுக்கே புத்தி வந்து திரெட்கில்லுக்குப் பரிசு கொடுக்க 2016 ஆகியது.

ஒரே ஒருவரைத்தான் நான் உங்கள் முன் வைக்க முடியும் என்றால் அது ஜூலியஸ் ஹெம்ஃபில். 1938-இல் டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் பிறந்தவர்; ஆர்னெட் கோல்மனுக்கும் அதுதான் ஊர். செயின்ட் லூயிஸில் பிளாக் ஆர்டிஸ்ட்ஸ் குரூப் என்ற கலைஞர் குழுவில் இருந்தார். நாட்டியமும் நாடகமும் கவிதையும் இசையோடு ஒரே கூரையின் கீழ் நடந்த இடம் அது. 1972 பிப்ரவரியில் நான்கு பேராக ‘டோகான் ஏ.டி.’யைப் பதிந்து, ம்பாரி என்று தானே ஒரு பெயர் வைத்து வெளியிட்டார்.

தலைப்பு உருப்படி பதினான்கு நிமிடத்துக்கு மேல். அப்துல் வதூத் செல்லோவில் வில்லை அழுத்தி ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்ப இழுக்கிறார். கணக்கு பதினொன்று. ஐந்திலும் ஏழிலும் பழகிய நம் காதுக்கே முதல் முறை எடுப்பு பிடிபடாது. டிரம்ஸ்காரர் ஃபிலிப் வில்சன் முன்பு பால் பட்டர்ஃபீல்டின் ப்ளூஸ் குழுவில் இருந்தவர். கணக்கின் சிக்கலைக் காட்டிக்கொள்ளாமல், தெருவோரக் கடையில் கேட்கும் தாளம்போல அடித்துக்கொண்டு போகிறார். அதன் மேல் ஹெம்ஃபிலின் ஆல்டோவும் பைக்கிடா கேரலின் டிரம்பெட்டும் ஒன்றையொன்று உரசியபடி வருகின்றன. ஹெம்ஃபில் அவசரமே படுவதில்லை. ப்ளூஸ் அழுகையாகவும் ஆட்டமாகவும் ஒரே மூச்சில் இருக்கிறது. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஒரு நல்ல அறை. இது மண் தரை. பிற்பாடு ஆலிவர் லேக், ஹேமியட் ப்ளூயட், டேவிட் மர்ரே மூவரோடு சேர்ந்து வெறும் நான்கு சாக்ஸபோன்களைக் கொண்டு உலக சாக்ஸபோன் குவார்ட்டெட்டை நிறுவியபோதும் அதன் எழுத்துமூளை ஹெம்ஃபில்தான். 1995-இல் இறந்தார்.

அந்த பிப்ரவரிப் பதிவில் நான்காவதாக ஒன்று இருந்தது: ‘தி ஹார்ட் ப்ளூஸ்’, இருபது நிமிடம். எல்.பி.யில் இடமில்லாததால் விட்டுவிட்டார்கள். 1975-இல் வேறொரு தட்டில், வேறு உருப்படிகளோடு வந்தது. நான்கும் ஒரே உறைக்குள் சேர்ந்தது 2011-இல், ஒரு சிறு நிறுவனத்தின் குறுந்தகட்டில். ஹெம்ஃபில் போய்ப் பதினாறு வருடம் ஆகியிருந்தது.