காற்றாலைக்கு ஓணான் சாட்சி

அறிவியல் ஆய்வுக்கட்டுரை ஒன்றை இலக்கிய இதழில் வைத்து விமர்சிப்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் 2018இல் 'நேச்சர் எக்காலஜி அண்ட் எவல்யூஷன்' இதழில் மரியா தாக்கர், அமோத் ஜாம்ப்ரே, ஹர்ஷல் போசலே மூவரும் எழுதிய கட்டுரையை ஒரு பிரதியாகவே வாசிக்கலாம் என்று தோன்றுகிறது. காற்றாலையும் காட்டுயிரும் என்று வந்தால் நாம் வழக்கமாகப் பேசும் பேச்சு எவ்வளவு குறைபட்டது என்பதை அது சத்தமில்லாமல் காட்டிவிடுகிறது. அதே கட்டுரை, தான் கண்டதற்குப் பெயர் வைக்கிற இடத்தில் சறுக்கவும் செய்கிறது. ரெண்டையும் சொல்லணும்.

மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மேலே இருக்கிறது சால்கேவாடி. செம்புரைக்கல் பாவிய மேட்டுநிலம். புல், பாறை, காற்று, அவ்வளவுதான். அந்தக் காற்றுக்காகத்தான் காற்றாலைகள் வந்தன. ஆய்வு நடந்தபோது அவை வந்து 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதே மேட்டுநிலத்தில் காற்றாலை இல்லாத பகுதிகளும் உண்டு என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. மூவரும் விழுந்து கிடக்கும் பறவைகளைத் தேடிப் போகவில்லை. பறக்கிற பறவைகளை எண்ணினார்கள். காற்றாலைகள் நிற்கும் இடத்தில் பருந்து, வைரி போன்ற இரைகொல்லிப் பறவைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் இருந்தன. எண்ணி முடித்தபின் குனிந்து தரையைப் பார்த்தார்கள்.

தரையில் ஓணான் இருந்தது. அறிவியல் பெயர் சரடா சுபர்பா. 'சரடா' என்றால் மராத்தியில் ஓணான் என்றே பொருள். ஆண் ஓணானின் தொண்டையில் நீலமும் கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு விசிறி உண்டு. பெண்ணைக் கூப்பிடவும் பக்கத்து ஆணை மிரட்டவும் அதை விரித்துக் காட்டும். ஆய்வாளர்கள் செய்த சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ரொம்ப எளிமையானது. ஓர் ஆள் ஓணானை நோக்கி ஒரே சீராக நடக்கவேண்டும். எவ்வளவு தூரத்தில் அது ஓட்டம் எடுக்கிறது என்று அளக்கவேண்டும். காற்றாலைப் பகுதி ஓணான்கள் ஆளை மிகக் கிட்டத்தில் வரவிட்டன. ரத்தத்தில் கார்ட்டிகோஸ்டீரோன் என்கிற அழுத்த ஹார்மோனும் குறைவு. எண்ணிக்கையோ கூடுதல். சுருக்கமாகச் சொன்னால், நிறைய ஓணான்கள், நிம்மதியான ஓணான்கள்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் ஒரு காற்றாலைக் கம்பெனியின் ஆண்டறிக்கைக்கு அருமையான அத்தியாயம் கிடைத்திருக்கும். கட்டுரை நிறுத்தவில்லை. அந்த நிம்மதியான ஓணான்கள் மெலிந்திருந்தன. ஆண்களின் தொண்டை நிறம் மங்கியிருந்தது. மேலே பருந்து இல்லையென்றால் கீழே பகட்டு கூடும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நடந்தது நேர்மாறு. பிடித்துத் தின்ன ஆளில்லாததால் கூட்டம் பெருகியது. பெருகிய கூட்டம் அதே பூச்சிகளுக்கும் அதே இடத்துக்கும் போட்டி போட்டது. வயிற்றுக்கே இழுபறி என்கிற உடம்பு நிறத்துக்குச் செலவழிப்பது கஷ்டம். ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இதுதான்.

காற்றாலையின் இறக்கை எந்த ஓணானையும் தொட்டதே இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் ஓணானின் பயம், ரத்தம், உடம்பு, நிறம் நான்கும் மாறியிருக்கின்றன. சேதம் என்றால் சடலம் என்று பழகிப்போன நமக்கு இதைச் சொல்ல ஒரு சொல் கிடையாது.

கட்டுரையாசிரியர்களுக்கும் கிடைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். காற்றாலை, உணவுச் சங்கிலியின் உச்சியில் புதிதாக ஓர் அடுக்காக வந்து சேர்கிறது என்று அவர்கள் எழுதுகிறார்கள். ஊடகங்கள் விடுமா? காற்றாலையை 'உச்ச வேட்டையாடி' ஆக்கிவிட்டன. உருவகமாக இது கவர்ச்சியானது. பருந்துக்கு மேலே ஒன்று வந்துவிட்டதால் பருந்து ஒதுங்குகிறது என்கிற அளவில் சரியும்கூட. அதற்கு மேல் பொருந்தாது. வேட்டையாடிக்குப் பசி உண்டு. பசி அடங்கினால் அது நிறுத்தும். இரை குறைந்தால் தானும் குறையும், குட்டி போடும், கிழடாகும், சாகும். அதன் வழியைப் படித்துத் தப்பிக்க இரைக்கு ஒரு காலம் கிடைக்கும். காற்றாலைக்கு இரை குறைந்தாலும் கூடினாலும் ஒன்றுதான். அது சுற்றுவதைக் காற்றும் மின் தேவையும் தீர்மானிக்கின்றன. எத்தனை தூண், எந்த மேட்டில் என்பதை முதலீடு தீர்மானிக்கிறது. அதை வேட்டையாடி என்று அழைத்தால் மனிதர் கூடி எடுத்த ஒரு முடிவு இயற்கையின் பாத்திரமாக வேஷம் மாற்றிக்கொள்கிறது. யாரையும் கேள்வி கேட்க வேண்டாத வசதி அதில் இருக்கிறது. ஆசிரியர்களின் நோக்கம் அது அல்ல என்பது கட்டுரையைப் படித்தால் தெரியும். ஆனால் உருவகங்கள் நோக்கத்தைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை.

இணையத்தில் நடக்கும் சண்டை இந்த அளவுக்குக்கூட வரவில்லை. அங்கே பிணக்கணக்குதான். கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் கணவாயில் பொன்னிறக் கழுகுகள் அடிபட்டு விழுந்த கதையை ஒருத்தர் பகிர்வார். உடனே இன்னொருத்தர், அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 100 கோடிக்கும் மேல் பறவைகளைக் கொல்கின்றன, முதலில் பூனையைத் தடை செய்யுங்கள் என்பார். பூனைக் கணக்கு பொய்யில்லை. ஆனால் பூனை பொன்னிறக் கழுகைப் பிடிப்பதில்லை. வருஷத்துக்கு ரெண்டு மூணு முறை குஞ்சு பொரிக்கும் சிட்டையும், மெதுவாகப் பெருகும் கழுகையும் ஒரே கூட்டல் குறிக்குக் கீழே எழுதுவது கணக்கு ஆகாது. சிரிப்பு என்னவென்றால், எதிர்த்தரப்பும் அதே கணக்கு நோட்டில்தான் எழுதுகிறது. இந்த நோட்டில் சால்கேவாடி ஓணானுக்குப் பக்கமே இல்லை. போட்டால் வரவில்தான் போடவேண்டும்.

இந்த நோட்டின் மிகக் கண்ணியமான வடிவத்தை நீதிமன்றத்தில் பார்க்கலாம். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் எஞ்சியிருக்கும் கானமயில்கள் இருநூறைத் தொடாது. பெரும்பாலும் ஒரு முட்டைதான் இடும். கனத்த உடம்பு, நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாத கண்ணமைப்பு. காற்றாலையும் சூரிய மின்நிலையமும் வந்த இடங்களில் மின்கம்பிகளும் வந்தன. கம்பியில் மோதி அவை சாகின்றன. எம்.கே. ரஞ்சித்சிங் தொடுத்த வழக்கில் 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கம்பிகளை நிலத்தடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024 மார்ச்சில், சுமார் 99,000 சதுர கிலோமீட்டருக்கு அப்படியொரு பொது உத்தரவு நடைமுறைக்கு ஒவ்வாது என்று அதைத் திரும்பப் பெற்று நிபுணர் குழுவிடம் கொடுத்தது. அதே தீர்ப்பில்தான், பருவநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசமைப்புச் சட்டத்தில் அடங்கியிருப்பதாக நீதிமன்றம் சொன்னது. ஒரு பறவைக்காகத் தொடங்கிய வழக்கில் மனிதருக்கு ஓர் உரிமை கிடைத்தது. அந்த உரிமை எனக்கு வேண்டும். பருவநிலை ஒன்றும் கற்பனை ஆபத்து கிடையாது. ஆனால் தீர்ப்பை வாசிக்கும்போது உறுத்துவது 'சமநிலை' என்ற எண்ணம். தராசின் ஒரு தட்டில் பறவை, மறு தட்டில் பூமியின் எதிர்காலம். இப்படி வைத்தால் எந்தப் பறவை ஜெயிக்கும்? பறவை நிற்கும் புல்வெளியும் பூமியின் எதிர்காலத்தில் சேர்த்திதான் என்பதற்குத் தராசில் இடமில்லாமல் போகிறது.

புல்வெளி என்றதும் இன்னொரு சொல்லைப் பார்க்கணும். தரிசு. மரம் இல்லாவிட்டால் அரசாங்க வரைபடத்தில் அந்த நிலத்துக்குப் பெரும்பாலும் இந்தப் பெயர்தான். கானமயிலின் புல்வெளியும் சால்கேவாடி மாதிரியான பாறை மேடுகளும் இந்தச் சொல்லுக்குள்தான் அடைபடுகின்றன. அதே சாத்தாரா மாவட்டத்தின் காஸ் மேட்டுநிலம் மழைக்காலத்தில் பூப்பதால் தப்பித்தது. 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அதுவும் சேர்ந்தது, பூப்பார்க்கக் கூட்டம் அலைமோதுகிறது. நிலமும் அழகாக இருந்துதொலைக்க வேண்டியிருக்கிறது! இதோடு இன்னொன்று: 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, முன் அனுமதி வாங்கவேண்டிய திட்டங்களின் பட்டியலில் காற்றாலையைச் சேர்க்கவில்லை. மின்சாரம் 'சுத்தமானது', நிலம் 'தரிசு'. இரண்டு பெயரடைகளிலேயே விஷயம் முடிந்துவிடுகிறது. அதற்குமேல் அங்கே யார் வாழ்கிறார்கள் என்று கேட்பவர் வளர்ச்சிக்கு எதிரி.

தமிழில் எழுதும் நாமும் பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காத்தாடிகள் வந்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நம் சினிமாவுக்கு அது டூயட்டின் பின்திரை. நம் சூழலியல் கட்டுரைகளோ எதை எழுதினாலும் ஐந்திணையில் ஆரம்பித்து ஒப்பாரியில் முடிகின்றன. ஒப்பாரிக்குப் பிணம் வேண்டும். பயம் குறைந்து, உடல் மெலிந்து, நிறம் மங்கி, ஆனால் உயிரோடு, முன்னைவிடக் கூட்டமாக இருக்கிற ஒரு ஜீவனை அந்த நடையில் எழுத முடியாது. போதாததற்கு அது ஓணான். யானைக்கும் புலிக்கும் உருகும் வாசகர், சின்ன வயதில் கல்லெறிந்த பிராணி. 'வேலிக்கு ஓணான் சாட்சி' என்று கிண்டல் செய்த மொழி நம்முடையது. வேலியிலேயே குடியிருப்பது வேலிக்குச் சாதகமாகத்தானே பேசும் என்பது அந்தக் கிண்டல். சால்கேவாடியில் காற்றாலையின் காலடியிலேயே குடியிருக்கும் ஓணானும் மேலோட்டமாகப் பார்த்தால் அதற்குச் சாதகமாகத்தான் பேசுகிறது: எண்ணிக்கை கூடுதல், அழுத்தம் குறைவு. தராசில் நிறுத்து, தொண்டை நிறத்தை அளந்து குறுக்கு விசாரணை செய்தபோதுதான் மீதி வெளியே வந்தது.

தொழில்நுட்பம் ஒன்றும் சும்மா இல்லை. நார்வேயின் ஸ்மோலா தீவில் நான்கு காற்றாலைகளின் ஓர் இறக்கைக்கு மட்டும் கறுப்பு வண்ணம் அடித்துப் பார்த்ததில் பறவைச் சாவு 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என 2020இல் ஓர் ஆய்வு வந்தது. சின்ன எண்ணிக்கைதான் என்றாலும் நல்ல செய்தி. மோதல் குறையட்டும். ஆனால் இடத்தை விட்டே ஒதுங்கிப்போன பருந்தை எந்த வண்ணம் அடித்துத் திரும்பக் கூப்பிடுவது? அதற்கான பதில் வண்ணத்தில் கிடையாது. தூணை எங்கே நடுகிறோம், எங்கே நடாமல் விடுகிறோம் என்பதில் இருக்கிறது.

சால்கேவாடி ஆய்வுக்கும் ஒரு குறை உண்டு. அது இடத்தோடு இடத்தை ஒப்பிட்டது. காற்றாலை வருவதற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தைப் பார்த்த ஆய்வு அல்ல. பார்த்திருக்க முடியாது, ஏனென்றால் முன்னால் யாரும் அங்கே ஓணானை எண்ணவில்லை. முப்பந்தலில் இப்போது ஒரு சந்தர்ப்பம் வந்திருக்கிறது. பழைய சின்னக் காத்தாடிகளைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை நிறுத்துவதற்காக 2024இல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. பழைய தூண் இறங்கிப் புதிய தூண் ஏறுவதற்குள், ஒரு நோட்டும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு, யாராவது அங்கே ஓர் ஓணானை நோக்கிச் சீராக நடந்து பார்க்கலாம்.