பருத்திப் பெண்டும் பரிசிலனும்

நூல் என்னும் ஒரு சொல் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறித்தல் தமிழ் வழக்கு. பனுவல் என்பதும் அத்தகையதே. இவ்வொற்றுமையைப் பவணந்தியார் நன்னூற் பொதுப்பாயிரத்துள் ஓர் உருவகமாக விரித்துரைக்கின்றார். சொல் பஞ்சு, பனுவல் இழை, புலவனே நூற்கும் மகள், அவன் வாய் அவள் கை, அவன் மதி அவள் கதிர். மாணாக்கர் பலரும் நன்கறிந்த இவ்வுருவகம் நூற்று முடித்தலோடு நின்றுவிடுகின்றது. முடித்த இழையை அவள் என் செய்தாள், அதனாற் பெற்றது யாது என்னும் வினா ஆண்டு எழவில்லை. இலக்கணம் கூறுவார்க்கு அவ்வினா வேண்டாததாகலாம். சங்கச் செய்யுளை ஆராய்வார்க்கு அது வேண்டுவதே என்பது எம் கருத்து.

நற்றிணை 353-ஆம் பாட்டில், மலைமேல் தவழும் முகிலுக்கு ஆளில் பெண்டிர் தாளிற் செய்த நுண்ணிய பனுவலைக் கபிலர் உவமை கூறுகின்றார். ஆளில் பெண்டிர் என்பார் கைம்பெண்டிரே எனக் கொள்வாரும் உளர். புரக்கும் ஆடவரை இல்லாதார் எனப் பொதுவிற் கொள்ளுதல் சாலும். தாள் ஈண்டு முயற்சி. முகிலின் மென்மையைக் காட்டப் பஞ்சு என்ற அளவே போதுமன்றோ? செய்தவர் யாவர், எதனாற் செய்தனர் என்பன உவமைக்கு வேண்டா. வேண்டாதவற்றைக் கபிலர் போன்றார் வாளா சொல்லார். வானத்து முகிலை நோக்கிய கண்ணுக்குத் தன் முயற்சியையன்றிப் பிறிது துணையில்லாத ஒருத்தியின் கை புலப்பட்டது என்றே கொள்ளுதல் வேண்டும். வடமவண்ணக்கன் பெருஞ்சாத்தனாரோ (புறம். 125) சுட்ட கொழுவிய ஊனுக்குப் பருத்திப் பெண்டின் பனுவலை உவமிக்கின்றார், ஆண்டு அவளைப் பற்றி வேறொன்றும் இல்லை.

புறநானூற்று 326-ஆம் பாட்டு இவற்றினும் ஆழமானது. இரவில் காட்டுப்பூனைக்கு அஞ்சிய இளம்பேடை உயிர் நடுங்கிக் கதறுகின்றது. அப்பொழுது பஞ்சின் தூசும் செற்றையும் புடைத்தற்கு எழுந்த பருத்திப் பெண்டின் சிறுவிளக்கொளியில் தன் சேவலைக் கண்டு தணிகின்றது. பாட்டின் பொருள் மறக்குடியின் சிறப்பே. இவள் ஊரை அடையாளங் காட்ட வந்தவள். ஆயினும் பகல் முழுதும் பிற வேலை இருந்தமையாற்போலும் இவள் இரவில் எழுகின்றாள் என்பதும், விளக்கு சிறிது என்பதும், அவ்வொளி தனக்கன்றிப் பிறிதோர் உயிர்க்கும் பயன்பட்டது என்பதும் நினையத்தக்கன. பாடியவர் தங்கால் பொற்கொல்லனார். நுண்டொழிலுக்கு விளக்கின் அருமையை ஒரு பொற்கொல்லர் அறிவார்.

இம்மூன்று பாட்டினுள் ஒன்றிலேனும் பருத்திப் பெண்டு பேசவில்லை, விலையும் கூறவில்லை. அம்மூவனாரின் உமணர் மகள் (அகம். 140) உப்பும் நெல்லும் நேரெனச் சேரியில் விலை கூவுகின்றாள், அறியாக் குரல் கேட்டு மனைநாய் குரைக்கின்றது. பெரும்பாணாற்றுப்படையின் ஆய்மகளோ மோரை மாறித் தவசம் பெற்றும், நெய்க்குப் பொன் கொள்ளாது எருமையும் ஆனும் கொண்டும் தன் கணக்கைத் தானே வகுக்கின்றாள். உப்பும் மோரும் செய்தார் கையிலிருந்து உண்பார் கைக்கு நேரே செல்வன. இழை அவ்வாறு செல்வதன்று; நெய்வார் கைப்பட்டு ஆடையான பின்னரே மக்கள் விரும்புவது. சிலப்பதிகாரத்து மதுரை அறுவை வீதியில் நூலாலும் மயிராலும் பட்டாலும் இயன்ற மடிகள் அடுக்கடுக்காகத் தோன்றுகின்றன. நூற்றாள் ஒருத்தியும் தோன்றவில்லை. கீழடி அகழாய்வில் கிடைத்த தக்களிகளும் தொழிலுக்குச் சான்றாவனவே யன்றி, அதனாற் பெற்ற கூலிக்குச் சான்றாகா.

இனி, உருவகத்தின் மறுபாதியாகிய புலவனை நோக்குவாம். அதியமான் நெடுமான் அஞ்சி தன்னைக் காணாதே பரிசில் விடுத்தானாகப் பெருஞ்சித்திரனார் (புறம். 208) அதனைக் கொள்ள மறுத்தார். தாம் வாணிகப் பரிசிலன் அல்லர் என்றும், தம் தகுதியறிந்து விரும்பி அளிப்பின் தினையளவாயினும் இனிதென்றும் கூறினார். இதனைப் புலவர் பெருமிதத்திற்குச் சான்றாகக் காட்டுதல் நம் வழக்கு, அது தக்கதே. ஆயின் இவர் செல்வரல்லர், வறுமையைப் பாடியவர். பொருள் வேண்டாமென இவர் கூறினாருமல்லர். செய்தவன் முகங் காணாது செய்பொருட்கு விலை மட்டும் வருவதையே இவர் வெறுத்தார். அம்முகங் காணா விலையே பருத்திப் பெண்டிற்கு நாள்தோறும் வாய்த்திருத்தல் கூடும். அதனை மறுத்துத் திருப்பிவிட அவட்கு இயலுமோ?

உவமைக்கு வந்தவளிடம் வாழ்க்கைக் கணக்குக் கேட்டல் முறையோ எனச் சிலர் வினவலாம். உவமையில் வந்தது கொண்டே சங்ககால உழவும் கடல்வாணிகமும் எழுதியிருக்கின்றோம். இவள் அளவில் மட்டும் அந்நெறியை விடுதற்குக் காரணம் காண்கிலேம். மேலும், புலவனை நூற்கும் மகளாக்கிய பவணந்தியார் கையும் கதிரும் ஒத்தமை கண்டார். அமராபரணன் சீயகங்கன் வேண்டுகோளால் நூல் செய்த அவர்க்குத் தம் பனுவலைக் கேட்டுப் பெற்றவன் முகம் தெரியும். தங்காலார் கண்ட பெண்டோ, தூசு புடைத்த பின், தன் இழையை உடுப்பார் யாரென அறியாமலே அச்சிறுவிளக்கை அவித்திருப்பாள்.