நிறம் மட்டும் சாட்சியாகுமா?

அண்டை விண்மீன் திரள் ஒன்றில் கார்பன் விண்மீன்களை அடையாளம் காண அகச்சிவப்பில் இரண்டு படங்கள் போதும் என்கிறார்கள். இரு அலைநீளங்களிலும் தெரியும் ஒளியளவை ஒப்பிட்டு, ஓர் எல்லைக்கு மேல் சிவந்திருப்பவற்றைக் கார்பன் விண்மீன் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். இன்று மிகுதியாகக் கையாளப்படும் வழி இதுதான். செலவு குறைவு, விரைவு அதிகம். இப்படிப் பொறுக்கிய விண்மீன்களைக் கொண்டு பிரபஞ்சம் விரியும் வேகத்தையே அளக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பாரத்தை நிறம் தாங்குமா?

கார்பன் விண்மீன் என்பதன் இலக்கணமே வேதியியலைச் சார்ந்தது. சூரியனைப் போல் ஏறத்தாழ ஒன்றரை முதல் நான்கு மடங்கு நிறையுள்ள விண்மீன் முதுமையில் ஊதிப் பெருக்கும்போது, உள்ளே ஹீலியம் எரிந்து உண்டான கார்பன் மேற்பரப்புக்குக் கிளறிவிடப்படுகிறது. அங்கே கார்பனும் ஆக்சிஜனும் இணைந்து கார்பன் மோனாக்சைடாகின்றன. ஆக்சிஜன் மிஞ்சினால் நிறமாலையில் டைட்டானியம் ஆக்சைடின் பட்டைகள் தெரியும். கார்பன் மிஞ்சினால் இரட்டைக் கார்பன் மூலக்கூறும் சயனோஜனும் தெரியும். 1860களில் ரோமில் ஆஞ்செலோ செக்கி இவற்றைத் தனி வகையாகப் பிரித்தது நிறமாலையைப் பார்த்துத்தான். 1867இல் சென்னை வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி கண்டறிந்த ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனும் இதே முதுமைப் பருவத்தது; ஊதியது, சிவந்தது, துடிப்பது. ஆனால் அதில் மிஞ்சியிருப்பது ஆக்சிஜன். காஞ்சிபுரத்தில் விவரம் தெரிந்தவர் சரிகையின் பொன்னிறத்தைப் பார்த்து விலை பேசமாட்டார். சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கிறதா என்று பார்ப்பார். விண்மீனைச் சுரண்டிப் பார்க்கும் வழி நிறமாலை.

அப்படிப் பார்த்ததன் பயனுக்கு அண்டைத் திரளான பெரிய மெகல்லன் மேகம் சான்று. முப்பட்டகம் பொருத்தி எடுத்த ஒளிப்படத் தட்டுகளிலிருந்து அங்கே 7,760 கார்பன் விண்மீன்களைத் தொகுத்த பட்டியல் 2001இல் வெளியானது. ஆனால் தொலைவு கூடக்கூட விண்மீன்கள் நெருங்கித் தெரியும், ஒன்றின் நிறமாலை இன்னொன்றின் மேல் விழும். இன்னும் தொலைவிலுள்ள திரள்களான ஆண்ட்ரோமெடாவுக்கும் எம்33க்கும் இந்த முறை உதவாது.

அந்த இடைவெளியை 1980களில் நிரப்பியது குறும்பட்டை வடிகட்டி முறை. ஏறத்தாழ 780 நானோமீட்டரில் டைட்டானியம் ஆக்சைடு ஒளியை விழுங்கும். 810இல் சயனோஜன் விழுங்கும். இரண்டு வடிகட்டிகள் வழியே படம் எடுத்தால் எது மிஞ்சியது என்பது தெரிந்துவிடும். அலைநீளங்கள் அருகருகே இருப்பதால் இடையிலுள்ள தூசும் கணக்கைப் பெரிதாகக் கலைக்காது. இது நிறத்தின் வழியே வேதியியலைக் கேட்கும் முறை. என் மதிப்பில் எல்லாவற்றிலும் நேர்மையானது. குறையும் உண்டு: குறுகிய பட்டையில் ஒளி கொஞ்சமே வரும், நெடுநேரம் காத்திருக்க வேண்டும். தன் தூசுக்குள்ளேயே மூடிக்கொண்ட முதிர்ந்த கார்பன் விண்மீன்கள் இந்த அலைநீளத்தில் பெரும்பாலும் கண்ணுக்கே படுவதில்லை.

அகச்சிவப்பு முறையின் பலம் அங்கேதான். தூசு மூடியவற்றை அது காண்கிறது. ஆனால் தூசு ஆக்சிஜன் விண்மீன்களையும் மூடும். ஹப்பிள் தொலைநோக்கியின் நடுத்தரப் பட்டை வடிகட்டிகளால் ஆறு சிறு திரள்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, தூசு சூழ்ந்த ஆக்சிஜன் விண்மீன்களும் கார்பன் விண்மீன்களின் கூட்டத்தில் கலந்திருப்பதைக் காட்டியது. அதிகம் சிவக்காத கார்பன் விண்மீன்கள் எல்லைக்கு இப்பால் நின்றுவிடுகின்றன. பின்னணியில் உள்ள தொலைதூரத் திரள்களும் சிவந்த புள்ளிகளாகப் பட்டியலில் நுழைகின்றன.

நிறமாலையும் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் சொல்லிவிடாது. பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் அருணா கோஸ்வாமி, லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கியால், நம் பால்வெளியின் ஒளிவட்டத்திலுள்ள மங்கலான கார்பன் விண்மீன்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அவற்றில் பல சிஎச் விண்மீன்கள். கார்பனைத் தாமாக ஆக்காமல், இப்போது வெண்குறுமீனாகிவிட்ட துணையிடமிருந்து பெற்றவை. 2010இல் அவர் குழு, ஹைட்ரஜன் குறைந்த அரிய கார்பன் விண்மீன் ஒன்றையும் இந்தக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுத்தது. ஒரே பெயருக்குள் வெவ்வேறு வரலாறுகள் ஒளிந்திருப்பதை இந்தப் பொறுமையான உழைப்பு வெளிக்கொணர்ந்தது. அண்டைத் திரள்களுக்குத் தேவைப்படுவதும் இத்தகைய உழைப்பே.

பிரபஞ்சம் விரியும் வேகத்துக்கு வருவோம். ஜே என்ற அகச்சிவப்புப் பட்டையில் கார்பன் விண்மீன்களின் சராசரி ஒளிர்வு ஏறத்தாழ ஒன்றே என்பதால் அவற்றைத் தொலைவுக்கோலாகக் கொள்ளலாம் என்று 2020இல் வெண்டி ஃபிரீட்மனும் பாரி மேடோரும் முன்வைத்தார்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவுகளிலிருந்து ஃபிரீட்மன் குழுவுக்குக் கிடைத்த ஹப்பிள் மாறிலி, அதாவது அந்த விரிவு வேகம், மெகாபார்செக்குக்கு நொடிக்குச் சுமார் 68 கிலோமீட்டர். ஆடம் ரீஸ் இடம்பெற்ற குழுவுக்கு 2024இல் கிடைத்தது சுமார் 75. வேறுபாட்டை நிறத்தேர்வின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது. எந்தத் திரள்களை எடுப்பது, ஒளிர்வுப் பரவலின் சராசரியையா உச்சத்தையா கொள்வது என்பவையும் விடையை மாற்றுகின்றன. திரளின் நடுவை விட்டுப் புறப்பகுதிகளையே எடுப்பதும், குறுகிய நிற எல்லை வகுப்பதும் கலப்படத்தைக் குறைக்கின்றன என்ற மறுமொழியிலும் வலு உண்டு. ஆனால் கலப்படம் எவ்வளவு என்பதைத் திரளுக்குத் திரள் அளக்காதவரை, குறைந்திருக்கிறது என்பது நம்பிக்கையாகவே நிற்கும். கனமான தனிமங்கள் மிகுந்த ஆண்ட்ரோமெடாவின் உட்பகுதியில் கார்பன் விண்மீன்கள் ஏறத்தாழ இல்லாமலே போகின்றன; திரளின் வேதியியல் மாறினால் கூட்டமே மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டாம்.

என் தீர்ப்பு இது. அகச்சிவப்பு நிறம் தருவது வேட்பாளர் பட்டியல். அதைக் கார்பன் விண்மீன் பட்டியல் என்று அச்சிடக் கூடாது. குறும்பட்டை வடிகட்டியாலோ நிறமாலையாலோ ஒரு மாதிரிப் பகுதியையாவது சோதித்து, கலப்பு விகிதத்தைச் சொன்ன பிறகே எண்ணிக்கை எண்ணிக்கையாகும். தொலைவுக்கோல் நம்பிக்கை தருகிறது. ஹப்பிள் மாறிலி வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி அதற்கு இன்னும் வரவில்லை.

இந்தச் சோதனையை இந்தியாவிலிருந்தே செய்யலாம். ஜவ்வாது மலையில், காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. இரண்டு பருவமழைகளின் மேகமும் படும் அந்த இடம், நெருக்கமும் மங்கலும் கூடிய இந்த வேலைக்கு ஏற்றதல்ல. ஹான்லேயும், உத்தராகண்டின் தேவஸ்தலில் 2016இல் தொடங்கப்பட்ட 3.6 மீட்டர் தொலைநோக்கியும் ஏற்றவை. எம்33 இரண்டுக்கும் வசதியான உயரத்தில் கடக்கிறது. ஒரு தொலைநோக்கியின் செலவோடு ஒப்பிட்டால் 780, 810 நானோமீட்டர் வடிகட்டிகளின் விலை மிகச் சிறியது. அவற்றை அங்கே பொருத்தி, எம்33இன் அகச்சிவப்புப் பட்டியலைச் சோதித்து, கலப்பு விகிதத்தை வெளியிட இந்திய வானியலாளர்கள் முன்வர வேண்டும்.