பிடியும் விடுப்பும்: ஊசிமருந்து மூடித் தட்டுகள் குறித்து

ஊசிமருந்துக் குப்பியின் வாயில் ரப்பர் அடைப்பான் அமர்ந்துவிட்டால் மட்டும் அது மூடப்பட்டதாகிவிடாது. அடைப்பானின் மேல் இன்னொரு மூடி இறுகிய பிறகே குப்பி முழுமையாக அடைபடுகிறது. அந்த மேல்மூடிகளை வரிசையாக ஏந்தி, வேண்டிய கணத்தில் ஒருசேர விடுவிக்கும் பிளாஸ்டிக் தட்டுகள் இன்று பல மருந்து நிரப்பு ஆலைகளில் இடம்பிடித்துவருகின்றன. இந்தத் தட்டு முறை பயனுள்ளது. ஆனால், நல்ல தட்டு எது என்று அளக்கும் வழக்கத்தில்தான் குறை இருக்கிறது.

முதலில் நிறையைச் சொல்லிவிடலாம். பழைய முறையில் அலுமினிய மூடிகள் பையிலிருந்து மொத்தமாக அதிர்வுக் கிண்ணத்தில் கொட்டப்படும். அவை ஒன்றோடொன்று உரசியபடி சரிவுப்பாதையில் இறங்கி, ஒவ்வொன்றாகக் குப்பியின் கழுத்தில் மடித்து இறுக்கப்படும். உரசும்போதும் துகள் உதிரும், மடிக்கும்போதும் துகள் உதிரும். இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘அனெக்ஸ் 1’ நெறிமுறை, மடிப்பு எந்திரத்தைத் தனி இடத்தில், காற்றுறிஞ்சும் ஏற்பாட்டுடன் வைக்கச் சொல்கிறது. 2023 ஆகஸ்ட் 25 அன்று நடைமுறைக்கு வந்த அதன் திருத்தம், மனிதர்களை மருந்திலிருந்து பிரித்துவைக்கும் தடுப்புக் கூடங்களை மேலும் வலியுறுத்தியது. அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் மூடிகளும், அவற்றை ஏந்தும் தட்டுகளும் இந்தச் சூழலுக்குப் பொருந்திவந்தன. மூடிகள் ஒன்றையொன்று தொடுவதில்லை, அலுமினியத்தை மடிக்க வேண்டியதில்லை. குப்பிகள் வரிசையாக நிற்கும் தட்டின் மேல் மூடித் தட்டை நேராக வைத்து அழுத்தினால் போதும். குறைந்த எண்ணிக்கையில் தயாராகும் விலை உயர்ந்த மருந்துகளுக்கு இது பெரிய வசதி.

சிக்கல் தட்டின் உள்ளே இருக்கிறது. லாரியின் குலுக்கலில் ஒரு மூடியும் கழன்றுவிடக் கூடாது. அழுத்தும் கணத்தில் ஒரு மூடியும் தங்கிவிடக் கூடாது. இந்த இரண்டையும் செய்ய வேண்டியவை, தட்டில் மூடியைப் பற்றியிருக்கும் அதே மெல்லிய பிளாஸ்டிக் விரல்கள். பிடி போதவில்லை என்றால் விரலைத் தடிப்பாக்குவது வடிவமைப்பாளருக்குக் கைவந்த தீர்வு. ஆனால் மூடிகள் ஒருசேர விடுபடும்போது விசை கூட்டுத்தொகையாகிறது. ஒரு மூடிக்கு 2 நியூட்டன் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 100 மூடிகளுக்கு 200 நியூட்டன். அதோடு மூடியைக் குப்பிக் கழுத்தில் பூட்டும் விசையும் சேரும். தட்டு நடுவில் வளையும், ஓர மூடிகள் ஒரு நேரமும் நடு மூடிகள் வேறு நேரமும் விழும்.

பொருளின் இயல்பும் இதில் தலையிடுகிறது. பாலிபுரொப்பிலீன் வார்ப்பில் ஏறத்தாழ 1 முதல் 2.5 விழுக்காடுவரை சுருங்கும். 200 மில்லிமீட்டர் நீளத் தட்டில் அரை விழுக்காடு மாறினாலே 1 மில்லிமீட்டர் விலகிவிடும். கழுத்தின் மேல் வளையமே 13 அல்லது 20 மில்லிமீட்டர்தான் என்பதால், ஓர வரிசை மூடி சாய்வாக அமர அது போதும். வெப்பத்தால் மென்மையாக்கி அச்சில் உறிஞ்சி வடிக்கும் தட்டுகள் மலிவானவை. ஆனால் பள்ளம் ஆழமாக ஆக அவற்றின் சுவர் மெலியும். அதனால் ஒரே தட்டில் பிடி இடத்துக்கு இடம் மாறும்.

காலமும் சேர்ந்துகொள்கிறது. இழுவிசையில் மாதக்கணக்கில் நிற்கும் பிளாஸ்டிக் தளர்ந்துபோகும். கிருமிநீக்கத்துக்குக் காமாக் கதிர் பாய்ச்சினால், அதற்கென நிலைப்படுத்தப்படாத பாலிபுரொப்பிலீன் நாளடைவில் நொறுங்கும் தன்மை பெறும். ஆலையிலிருந்து புறப்பட்ட அன்று அளந்த பிடி, ஒரு கோடையைக் கிடங்கில் கழித்த பிறகு அதே பிடியாக இருக்காது. ஓய்வில் இருக்கும்போது விரலில் இழுவிசையே இல்லாதபடி, மூடியைச் சிறு விளிம்பின் மேல் சும்மா அமரவைத்து, அழுத்தும்போது மட்டும் விரல் வளையும் வடிவமே இதற்குச் சரியான விடை. அப்போது மூடிக்குச் சற்று ஆட்டம் இருக்கும். கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு அது தளர்வாகத் தோன்றும், உறுதியாக இல்லை என்று ஒதுக்கவும்படும். இந்தத் தோற்றப் பிழைதான் பல நல்ல வடிவங்களுக்கு எதிரி.

சோதனை வழக்கமும் இதே பக்கம் சாய்ந்திருக்கிறது. அதிர்வு, வீழ்ச்சி, அடுக்குச் சுமை என்று போக்குவரத்துச் சோதனைகள் எல்லாம் பிடியைத்தான் விசாரிக்கின்றன. விடுப்பைச் சோதிக்கும்போதும் சராசரி விசையையே பார்ப்பது எளிது. ஆனால் எந்திரத்துக்குச் சராசரி பயன்படாது. 99 மூடிகள் விழுந்து ஒன்று தொங்கினால் தடுப்புக் கூடத்துக்குள் மனிதர் குறுக்கிட வேண்டிவரும், அந்தக் குப்பியைக் கழிக்க வேண்டிவரும். தட்டு எதைத் தவிர்க்க வந்ததோ அதுவே திரும்பி வருகிறது. எனவே விடுப்பு விசை எவ்வளவு என்பதைவிட, தட்டு முழுவதும், சேமிப்புக் காலம் முழுவதும் அது எவ்வளவு சீராக இருக்கிறது என்பதே முதல் அளவுகோலாக வேண்டும்.

பொருளாதாரக் கணக்கில் குறைகள் வெளிப்படையானவை. பையில் நெருங்கிக் கிடந்த மூடிகள் தட்டில் பல மடங்கு இடம் கேட்கின்றன. தட்டு ஒருமுறை பயன்பட்டபின் குப்பைக்குப் போகிறது. ஒரு மூடிக்கென வடித்த தட்டு வேறொரு மூடிக்குப் பொருந்தாததால், வாங்குபவர் ஒரே விற்பனையாளரிடம் கட்டுண்டுபோகிறார். நாள் முழுக்க ஒரே மருந்தை நிரப்பும் பெரிய ஆலைக்கு, நன்கு பராமரிக்கப்பட்ட அதிர்வுக் கிண்ணமே இன்னும் பொருத்தம். ஒரு தொகுதி கெட்டால் நோயாளியின் சிகிச்சையே தள்ளிப்போகும் இடங்களில் தட்டின் கூடுதல் விலை நியாயமாகிறது. அங்கேகூட வாங்குபவர் குலுக்கல் சோதனைச் சான்றிதழோடு நின்றுவிடாமல், கதிர் பாய்ச்சிச் சேமித்துவைத்த தட்டின் எல்லாக் குழிகளுக்கும் விடுப்பு விசையைத் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.