பாடத்தில் விடுபட்ட வத்திராயிருப்புக்காரர்

இயற்பியல் கண்டுபிடிப்புகளை நம் பள்ளிப் பாடங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்துத் தருகின்றன. ஒரு மேதை, ஒரு நாள், ஒரு திடீர் எண்ணம்! நியூட்டனுக்கு ஆப்பிள், ஆர்க்கிமிடீசுக்குக் குளியல் தொட்டி, இராமனுக்குக் கடலின் நீலம். கதை மனத்தில் தங்குகிறது, அறிவியல் தங்குவதில்லை.

இராமன் விளைவையே எடுத்துக்கொள்வோம். 1921-இல் கப்பற் பயணத்தில் கடலின் நிறம் கண்டு வியந்தார்; 1928 பிப்ரவரி 28-இல் கண்டுபிடித்தார்; 1930-இல் நோபெல் பரிசு பெற்றார். இத்துடன் பாடம் முடிந்துவிடுகிறது. இடைப்பட்ட ஏழாண்டுகளில் நடந்தது என்ன?

1923-இல் கல்கத்தா ஆய்வுக்கூடத்தில் கே. ஆர். இராமநாதன், தூய நீரிலும் நிறம் மாறிய மங்கலான ஒளியைக் கண்டார். பிற திரவங்களிலும் அதைக் கண்டவர் கே. எஸ். கிருஷ்ணன். 1928 மார்ச் 31-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த அறிவிப்பில் இராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் உள்ளன.

சோதனை எளிமையானது. 18 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கி வில்லையால் சூரிய ஒளியைக் குவித்து, வெற்றிடத்தில் பலமுறை காய்ச்சி வடித்த திரவத்தில் செலுத்தினர். நீல ஊதா வடிகட்டியையும் மஞ்சள் பச்சை வடிகட்டியையும் சேர்த்துத் திரவத்துக்கு முன்னால் வைத்தால் ஒளித்தடம் மறைந்தது. மஞ்சள் பச்சை வடிகட்டியை மட்டும் எடுத்துக் கண்ணுக்கு முன் வைத்தால் தடம் மீண்டும் தெரிந்தது! உள்ளே சென்றது நீல ஊதா ஒளி மட்டுமே. ஆகவே நிறம் திரவத்துக்குள்தான் மாறியிருக்க வேண்டும். ஏறக்குறைய 60 திரவங்களை இவ்வாறு சோதித்தனர். பாடத்தில் இடம்பெற வேண்டியது இதுவன்றோ?

ரமண மகரிஷி பிறந்த ஊர் திருச்சுழி என்பதை அவ்வட்டார மாணவர்கள் அறிவர். அதே விருதுநகர் மாவட்டத்தின் மேற்கே, மலையடிவாரத்து வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்தவர் கிருஷ்ணன். படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்து புகழ் பெற்றவர். 1947-இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானவர். இவரைப் பாடம் அவர்களுக்கு அறிமுகப்படுத்துகிறதா?

இதற்கு எதிரான தவறும் உண்டு. உண்மைக் கண்டுபிடிப்பாளர் கிருஷ்ணனே என்று ஊர்ப்பற்றினால் வாதிடுவது அது. கேள்வியை எழுப்பி ஏழாண்டுகள் விடாமல் ஆய்வை நடத்தியவர் இராமன். அதே 1928-இல் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஷ்டாம் இருவரும் படிகங்களில் இதே விளைவைக் கண்டனர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

அருப்புக்கோட்டை நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இது புதிதன்று. நூலுக்குச் சாயமேற்றுபவர், பாவு ஓட்டுபவர், தறியில் அமர்பவர் என்று பல கைகள் சேர்ந்தே சேலை உருவாகிறது. அறிவியலும் அப்படித்தான் என்று பாடம் சொல்லுமானால், மேதையாகப் பிறக்காத மாணவனும் தனக்கு அங்கே வேலை உண்டு என்று அறிவான். மானாவாரிக் காட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. வில்லையும் வடிகட்டியும் அவன் கைக்கு எட்டுமாறு செய்வது பள்ளியின் கடமை.